ஆடி முடியட்டும்

மலைச்சாமியின் புது வண்டியில், பின் இருக்கையைப் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறைக்கு உள்பக்கம் வியர்த்திருந்தது.

வெளிப்பக்கமாக இருந்தால் பனி என்று சொல்லித் துடைத்துவிட்டுப் போயிருப்பார். அவரும் துடைத்துத்தான் பார்த்தார். துணி காய்ந்தபடியே வந்தது. துளிகள் உறைக்கும் இருக்கைக்கும் நடுவில், விரலுக்கு எட்டாத இடத்தில், நெல்மணி அளவில் கோத்து நின்றன. இருக்கை முழுக்கவும் இல்லை. இடப்பக்கம் மட்டும். ஒரு ஆள் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகு படுகிற அளவுக்கு ஒரு வட்டம். அதற்கு மேலே, தலை சாய்கிற இடத்தில், சின்னதாக இன்னொன்று. காலை பத்து மணி. ஆவணி பிறந்து ஐந்து நாள். திண்டுக்கல் மழையைப் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

உறையைப் பிரித்தால் என்னவென்று தெரிந்துவிடும். ஆனால் மலைச்சாமியாவது, பிளாஸ்டிக்கைப் பிரிப்பதாவது!

நாகல் நகரில் அந்தத் தெருவுக்கே தெரிந்த சங்கதி அது. ஜவுளிக்கடைக்காரர், ஐம்பத்து நாலு வயது, கைநிறைய வியாபாரம். ஆனால் வீட்டு டிவி ரிமோட் இன்னமும் பாலித்தீன் பைக்குள் ரப்பர் பேண்டு கட்டிக்கொண்டு கிடக்கிறது. பிரிட்ஜ் வாங்கி ஆறு வருடம்; கதவில் ஒட்டி வந்த நட்சத்திரச் சீட்டு அப்படியே இருக்கிறது. சோபாவில் உட்கார்ந்தால் சரக் சரக்கென்று அது நம்மை ஏசும். பொருள் புதுசாகவே இருக்க வேண்டும், அனுபவிப்பதெல்லாம் அப்புறம் என்பது அவர் கொள்கை. அந்த அப்புறம் எப்போது வரும் என்று கேட்டு அவர் மனைவி கனகாவுக்கே அலுத்துவிட்டது.

இப்படிப்பட்டவர் ஆடி மாதத்தில் வண்டி எடுப்பாரா? ஆனிக் கடைசியில் முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. வண்டி வந்து இறங்கியது ஆடி பிறந்த அன்று. "ஆடி முடியட்டும், ஆவணி முதல் முகூர்த்தத்துல எடுத்துக்கிறேன்" என்றார். ஷோரூம்காரர்களுக்கு இது வருடா வருடம் பழக்கம்தான். நத்தம் சாலையில் வண்டிகளை நிறுத்தி வைக்க அவர்களுக்கு ஒரு யார்டு உண்டு, ஆடி வந்தால் அது நிரம்பிவிடும். ஆனால் மலைச்சாமி அதோடு விடவில்லை. யார்டுக்கே நேரில் போனார். வண்டியைச் சுற்றி வந்தார். ஆடிக்காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ஒரு தாளில் கொட்டை எழுத்தில், 'ஆடி முடியும் வரை திறக்கக் கூடாது' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, முன்கண்ணாடியில் தம் கையாலேயே ஒட்டிவிட்டு வந்தார். ஒட்டிய பசையின் தடம் இன்னும் கண்ணாடியில் இருந்தது.

அந்தத் தடத்தைத்தான் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார், அந்தச் சத்தம் கேட்டபோது.

டக்.

கண்ணாடி வழியே பார்த்தார். பின்னால், இடப்பக்கக் கதவில், உள்ளே இருக்கிற வெள்ளிநிறக் கைப்பிடி ஒரு விரற்கடை வெளியே வந்து நின்றது. செத்த நேரம் அப்படியே நின்றது. பிறகு மெல்லத் திரும்பிப் போய் ஒட்டிக்கொண்டது. டக். யாரோ உள்ளிருந்து திறந்து பார்க்கிறார்கள். ஆனால் முரட்டுத்தனமாக இல்லை, வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்துவிடக் கூடாதே என்கிற மரியாதையோடு, தயங்கித் தயங்கி, கதவு திறந்தால் நல்லது, திறக்காவிட்டால் காத்திருக்கலாம் என்பது போல. மலைச்சாமி சுற்றி ஓடி அந்தக் கதவைத் திறந்தார். திறந்துகொண்டது. உள்ளே யாரும் இல்லை. புது வண்டி வாசத்துக்கு அடியில், மெலிதாக, பீடி வாசம்.

மலைச்சாமி வாழ்நாளில் பீடி தொட்டதில்லை.

ஷோரூமில் சர்வீஸ் மேனேஜர் இனிகோ சிரித்த முகக்காரர். எந்தக் குறை சொன்னாலும் "சைல்டு லாக் சார்" என்பார். முதல் தடவை அதையே சொன்னார். இரண்டாம் தடவை மலைச்சாமி தாமே பின்னால் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளிருந்து கைப்பிடியை இழுத்து இழுத்துக் காட்டினார். திறக்கவில்லை. நாலு கதவும் திறக்கவில்லை. அரை நிமிடம்தான், அதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெளியே இருந்து இனிகோ திறந்துவிட்டபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இந்தப் பேட்ச்ல நாலஞ்சு வண்டிக்கு லாக்ல பிரச்னை இருக்கு சார். கம்பெனிக்கு எழுதிருக்கோம். பார்ட்ஸ் வரணும்."

"எப்ப வரும்?"

"வந்துரும் சார்."

"புதன்கிழமை எம்மக வளைகாப்பு. ஏழு மாசப் புள்ளத்தாச்சிய இதுலதான் கூட்டியாரணும். பார்ட்ஸ் வேணாம், வேற வண்டி குடுங்க."

"நம்பர் விழுந்த வண்டிய எப்பிடி சார் மாத்துறது?"

"அப்ப நீங்க ஒருக்க உள்ள ஏறிப் பாருங்க. அந்தக் கைப்பிடி தானா ஆடுது. இடது பக்கம் உக்காந்து பாருங்க."

இனிகோ ஏறவில்லை. ஒரு காலைக்கூட உள்ளே வைக்கவில்லை. தோளை வெளியே நிறுத்திக்கொண்டு, பாம்புப் புற்றில் கைவிடுகிறவர் போலக் கையை மட்டும் நீட்டிக் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கையை மூக்கருகே கொண்டுபோய், சட்டென்று இறக்கிப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"நான் ஏற மாட்டேன் சார்" என்றார், கீழே பார்த்தபடி.

அன்று சாயங்காலம் மலைச்சாமி கனகாவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். வாடகைக்கு ஒரு வண்டி பிடித்தால் என்ன?

"நல்லாருக்கே கதை! நத்தத்துல நாலு தோப்புக்காரக சம்பந்தி. கல்யாணத்துக்கே, 'மாப்ள வீட்டுக்கு ஆட்டோலயா வந்தீக'ன்னு அந்தம்மா கேட்டுச்சு. எங்க வண்டியிலதான் புள்ளைய அழைச்சுக்குவோம்னு ஊர் பூராச் சொல்லிட்டு, இப்பப் போயி வாடகை வண்டியா? ஏங்க, வண்டி எடுத்ததே அதுக்குத்தான?"

"கதவு சரியில்ல கனகா."

"வெளிய இருந்து தொறக்குதுல்ல? நீங்க எறங்கித் தொறந்துவிடுங்க. புள்ளத்தாச்சி முன்னாடி உக்காரக் கூடாது. பின்னாடி, எறங்க வாகா இடது பக்கம் உக்காத்துங்க. இதுக்கு இம்புட்டு யோசனையா?"

இடது பக்கம். மலைச்சாமி பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார்.

திங்கட்கிழமை மத்தியானம் அவர் யார்டுக்குப் போனார், பைக்கில். பயம் என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கோபம் என்றுதான் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். தம்முடைய வண்டிக்குள் எவனோ உட்கார்ந்து பீடி குடித்திருக்கிறான். அவன் யாரென்று தெரிந்தாக வேண்டும்.

கேட்டுப் பக்கத்தில், வேம்பின் துண்டு நிழலில், பிளாஸ்டிக் நாற்காலியில் காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். சட்டை அவளுக்கு இரண்டு மடங்கு பெரிசு.

"வாட்ச்மேன் எங்கம்மா?"

"நாந்தான்யா. சுப்புத்தாய்."

"முன்னாடி ஒரு ஆள் இருந்தாரே, ஆடில வந்தப்பப் பாத்தேன்."

"எங்க வீட்டுக்காரரு. மாயாண்டி." அவள் எழுந்து நின்றாள். அவருடைய பைக்கை, சட்டையை, முகத்தைப் பார்த்தாள். "நீங்க, கண்ணாடில தாளு ஒட்டுனவுகதான?"

மலைச்சாமி தலையை ஆட்டினார்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. காய்கறி விலை சொல்வது போலத்தான் சொன்னாள்.

"அன்னிக்கு மண்ணுக்காத்துங்கய்யா. கண்ணத் தொறக்க முடியல. உங்க வண்டில பின்கதவு ஒண்ணு மட்டும் பூட்டு விழாமக் கெடந்துச்சு. செத்த நேரம் கண்ணசந்துட்டு வாரேன்னு ஏறிப் படுத்தாரு. கதவச் சாத்துனாரு, டக்குனு விழுந்துருச்சு. உள்ள இருந்து தொறக்கல. வெளிய இருந்து நான் இழுக்கேன், தொறக்கல. சாவி டவுன் ஆபீஸ்ல. நான் கல்லத் தூக்கிட்டேன்யா. அந்தா, லாரி டயருக்கு முட்டுக் குடுக்குற கல்லு. அவருதான் உள்ள இருந்து கையக் கையக் காட்டுறாரு, வேணாம், வேணாம், கண்ணாடிய ஒடைச்சுராதன்னு. புது வண்டி, வேலை போயிரும்னு பயம். மேனேசருக்குப் போனப் போட்டேன். வண்டிக்காரகட்டக் கேட்டுட்டுச் சொல்றேன், கல்லக் கீழ போடுன்னாக. போட்டுட்டேன்."

"அப்புறம்?"

"சாவி வந்துச்சு. சாயங்காலம்." அவள் சட்டையின் பொத்தான் ஒன்றைத் திருகினாள். "நாற்காலில உக்காந்த வாக்குல போயிட்டாருன்னு எழுதிக்கிட்டாக. நல்ல வேளை பிளாஸ்டிக் இருந்துச்சு, சீட்டுல கறை படலன்னு ஒருத்தன் சொன்னான்."

வெயில் தார்ச்சாலையில் தண்ணீர் போல நெளிந்தது. மலைச்சாமி பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் காதில் வேறொரு மத்தியானம் கேட்டது. ஆடி இரண்டாம் வாரம். வீட்டில் கறிச்சோறு. போனில் இனிகோவின் குரல்: 'சார், உங்க வண்டிய ஒரு நிமிஷம் தொறக்க வேண்டிருக்கு, ஒரு அவசரம்...' வாய் நிறையச் சோற்றோடு இவர் சொன்னது: 'அம்புட்டு என்ன அவசரம்? ஆடி முடியட்டும்.' 'இல்ல சார், கண்ணாடியவாவது...' 'கண்ணாடில கைய வச்சீங்க, அந்த வண்டியே எனக்கு வேணாம், ஆமா.' யாருங்க என்று கனகா கேட்டாள். 'ஷோரூம்காரன். ஆடில தொறந்து பாக்கணுமாம்' என்றுவிட்டு, இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றச் சொன்னார்.

நல்ல குழம்பு. அதுகூட நினைவிருந்தது.

அன்று மாலை தெரு ஒரு அதிசயத்தைக் கண்டது. மலைச்சாமி வண்டியின் நாலு கதவையும் விரியத் திறந்துபோட்டு, பிளாஸ்டிக் உறைகளைக் கிழித்துக்கொண்டிருந்தார். பிரிக்கவில்லை, கிழித்தார். பல்லைக்கூட உபயோகித்தார். மாடிகளில் தலைகள் முளைத்தன. "மழை வரப்போகுது பாருங்க" என்றது ஒரு தலை. உறையெல்லாம் சுருட்டிக் குப்பை வண்டியில் போட்டார். சூடம் காட்டினார். நாலு கண்ணாடியையும் இறக்கி வைத்தார். உறைக்குக் கீழே இருக்கை காய்ந்து, மெத்தென்று, புத்தம் புதுசாக இருந்தது. ஒரு துளி ஈரம் இல்லை. மழையும் வரவில்லை.

புதன்கிழமை நத்தத்தில் வளைகாப்பு குறையில்லாமல் நடந்தது. மகள் சூர்யகலாவுக்கு இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்புமாக. அவள் முடியை ஒதுக்கினாலும் சத்தம், சிரித்தாலும் சத்தம். வாசலில் நின்ற வண்டியைச் சம்பந்தியம்மாள் ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லவில்லை. கனகாவுக்கு அதுவே பெரிய வெற்றி. ஆரத்தி கரைத்து வைக்க வேண்டுமென்று பெண்களோடு வேனில் முன்னால் கிளம்பிவிட்டாள். ராகு காலம் ஒன்றரைக்கு முடிந்தது. ஒன்றே முக்காலுக்கு, தாமே கதவைத் திறந்து, மகளைப் பின்னால் ஏற்றினார் மலைச்சாமி. "வலது பக்கம் நகந்து உக்காரும்மா" என்றார். அவள் நகர்ந்தாள். முதல் வளைவிலேயே வயிற்றுப் பாரத்தோடு சரிந்து இடது பக்கமே வந்துவிட்டாள்.

"இங்கனதாம்ப்பா சாய வசதியா இருக்கு."

சாலையின் இருபுறமும் புளியமரங்கள் நிழலைக் காலடியிலேயே சுருட்டி வைத்திருந்தன. ஏசியின் இரைச்சல், டயரின் இரைச்சல், அதற்கு மேலே ஒவ்வொரு பள்ளத்துக்கும் வளையல்களின் கலகலப்பு. அந்தக் கலகலப்பு கேட்கிற வரைக்கும் ஒன்றுமில்லை என்று மலைச்சாமி தமக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். கலகல. ஒன்றுமில்லை. கலகல. ஒன்றுமில்லை. யார்டைத் தாண்டிவிட்டால் போதும். அதற்கப்புறம் ஊர். ஆரத்தி. கனகா.

"அப்பா, ஏசியக் கூட்டுங்க. மூச்சு முட்டுது."

ஏசி முழு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவர் விரல்கள் குளிரில் விறைத்திருந்தன.

"பீடி வாசம் வருதுப்பா."

"வெளியே இருந்து வரும்மா."

"சீட்டு ஏம்ப்பா ஈரமா இருக்கு?"

அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். மகளின் நெற்றியில் வியர்வை. அவளுக்குப் பக்கத்து ஜன்னலில் ஒரு கையகலத்துக்குப் பனி படர்ந்திருந்தது. அது சுருங்கியது. விரிந்தது. சுருங்கியது.

வலப்பக்கம் யார்டின் தகரச் சுவர் தெரிந்தது.

"அப்பா." குரல் தணிந்திருந்தது. "பிளாஸ்டிக்கப் பிரிச்சுட்டீங்கன்னு அம்மா சொல்லுச்சே. அப்ப சரக் சரக்னு எங்கேருந்துப்பா சத்தம் வருது?"

பிரேக். வண்டி புழுதியில் இறங்கி நின்றது. அவர் குதித்தார். சுற்றி ஓடினார். அவளுடைய கதவு. அதைத் திறந்தால் போதும். வெளியே இருந்து திறக்கும். வெளியே இருந்து எப்போதும் திறக்கும்.

அவர் கை படுவதற்கு முன்னால்.

டக்.

நாலு கதவும். சாவி உள்ளே. இன்ஜின் ஒரு தரம் இருமிவிட்டு அணைந்தது. ஏசி நின்றது. திடீரென்று அத்தனை அமைதி. காக்கை கத்துவது கேட்டது.

இழுத்தார். திறக்கவில்லை. இழுத்தார். உள்ளே சூர்யகலா கைப்பிடியை இழுப்பது தெரிந்தது. வளையல்கள். டக். கலகல. டக். கலகல. 'அப்பா' என்று வாய் அசைந்தது. குரல் வரவில்லை.

போனில் இனிகோ உடனே எடுத்தார்.

"எம்மக உள்ள மாட்டிக்கிட்டா! யார்டு வாசல்ல! ஆளனுப்புங்க!"

"சார், பதறாதீங்க. டூப்ளிகேட் சாவியோட ஆள் அனுப்புறேன். கண்ணாடிய மட்டும் ஒடைச்சுராதீங்க சார், வாரண்டி..."

போன் புழுதியில் விழுந்தது. கல். கைக்குக் கிடைத்த கல். அடித்தார். கண்ணாடி மணி போல ஒலித்தது. மறுபடி. விரல்முட்டி கிழிந்து ரத்தம் வழுக்கியது, கல் நழுவியது. உள்ளே பனி மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மகளின் நெற்றி மறைந்தது. கண்கள் மறைந்தன. வாய். கீழே வயிற்றைப் பிடித்திருந்த ஒரு கை மட்டும்.

"தள்ளுங்கய்யா!"

சுப்புத்தாய். செருப்பில்லாமல் ஓடி வந்தாள். காக்கிச் சட்டை படபடக்க, அந்த முட்டுக்கல்லை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கியிருந்தாள். "போன தடவ கேட்டேன், இந்தத் தடவ எவன் பேச்சையும் கேக்க மாட்டேன்! தள்ளுங்க!"

அவர் தள்ளி நின்றார். கல் பின்னுக்குப் போனது. ஓங்கியது.

நின்றது.

பனி மூடிய கண்ணாடியில், உள்பக்கமிருந்து, ஒரு உள்ளங்கை. அகலமான கை. தடித்த விரல்கள். வளையல் இல்லாத கை. இடமிருந்து வலமாக அசைந்தது. வலமிருந்து இடமாக. மெதுவாக. பணிவாக.

வேணாம். வேணாம்.

சுப்புத்தாய், "மனுசா" என்றாள். "புள்ளத்தாச்சிய்யா அது. ஒடைச்சுக்கிறேன்யா. ஒரே ஒரு தடவ."

வேணாம். வேணாம்.

"ஒடைங்கம்மா!" என்று மலைச்சாமி கத்தினார். "ஒடைங்க! என் வண்டி! நான் சொல்றேன், ஒடைங்க!"

அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கையையே பார்த்தாள். முப்பது வருடம் அந்தக் கைக்குக் கட்டுப்பட்டவள், கல்லை மெல்ல, மெல்ல இறக்கி, டயருக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆடியில் வைத்த அதே மாதிரி. மலைச்சாமி அதைத் தூக்கப் பாய்ந்தார்; ரத்தம் வழுக்கிய கையில் அது நிற்கவில்லை.

கை துடைத்த தடத்தில் ஒரு கீற்று தெளிந்தது. அதற்குப் பின்னால் பளபளவென்று பிளாஸ்டிக். கிழிசல் இல்லாத, புத்தம் புதுப் பிளாஸ்டிக். உள்பக்கம் துளித்துளியாக வியர்த்து, சுருங்கி, விரிந்து, சுருங்கியது. அதற்குள்ளே பச்சையும் சிவப்புமாக வளையல்கள்.

டக் என்றது கைப்பிடி.

வளையல் சத்தம் கேட்கவில்லை.